சைவ அடுப்பில் மீன்சட்டி

கோமளவல்லி தம்பி வீட்டுக்குக் கிளம்பினால் ஆட்டோவில் முதலில் ஏறுவது பை, பிறகுதான் அவள். பைக்குள் காப்பி பிளாஸ்க், தண்ணீர்க் குப்பி, எவர்சில்வர் தம்ளர், தூக்குவாளியில் தயிர்ச்சாதம், தொட்டுக்கொள்ள ஒரு துண்டு நார்த்தங்காய். குளத்தூரிலிருந்து பாறசாலைக்குப் போய்வர இத்தனை சாமான் எதற்கு என்று ஆட்டோக்காரன் பொன்னப்பன் ஆரம்பத்தில் கேட்டதுண்டு. இப்போது கேட்பதில்லை. பையை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டு, "போலாமா அம்மே" என்பான், அவ்வளவுதான்.

தம்பி ஞானசம்பந்தத்தின் வீட்டில் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். பகை என்று நினைத்துவிடாதீர்கள். தம்பி மேல் உயிர். தம்பி பெண்டாட்டி கிருஷ்ணம்மா மேல் அதற்கு ஒரு படி மேலே. இரண்டு பேரும் தினமும் போனில் பேசுவதைக் கேட்டால் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்றுதான் தோன்றும். சங்கதி வேறொன்றுமில்லை, மீன். ஞானசம்பந்தம் பிறந்தது தலைமுறை தலைமுறையாகத் திருநீறு பூசி சர்க்கார் கணக்கெழுதிய சைவ வீடு. கிருஷ்ணம்மா வெள்ளறடைக்காரி, மலையாளம் பேசுகிற வீட்டுப் பெண். மீன் வாசனை வராத நாளை அவர்கள் வீட்டில் பட்டினி நாள் என்பார்கள். இரண்டு பேரும் திருவனந்தபுரத்தில் ஒரே ஆபீசில் வேலை பார்த்து, ஒரே ரயிலில் போய்வந்து, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றார்கள். நாற்பது வருஷம் ஆகப்போகிறது.

வந்த முதல் வாரமே கிருஷ்ணம்மா ஓர் ஏற்பாடு செய்தாள். வீட்டுக்குள் இருக்கிற அடுப்பு சைவ அடுப்பு. அதில் சாம்பார், அவியல், புளிசேரி. கொல்லைப்புறச் சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி அங்கே ஒரு மீன் அடுப்பு. அதற்கென்று தனிச் சட்டி, தனி அம்மி, தனித் தேங்காய்த் துருவி. யாரும் சொல்லிக் கேட்டுச் செய்ததில்லை, அவளாகவே செய்தாள். ஞானசம்பந்தம் அந்தச் சாய்ப்புக்குள் காலெடுத்து வைத்ததில்லை. கிருஷ்ணம்மாவும் உள்ளடுப்பின் பக்கம் மீன் பாத்திரத்தைக் கொண்டுபோனதில்லை. அவர்களுக்குப் பிறந்த பிந்து மட்டும் காலையில் அப்பா அடுப்பு, மத்தியானம் அம்மா அடுப்பு என்று இரண்டு பக்கமும் தின்று வளர்ந்தாள். நீங்கள் தமிழா மலையாளமா என்று பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், "மணி என்னாச்சு?" என்று திருப்பிக் கேட்பாளாம்.

கோமளவல்லிக்கு இந்த ஏற்பாடும் போதவில்லை. ஒரே கூரைக்குக் கீழே வேகிறது, ஒரே கைதானே கிண்டுகிறது என்றாள். அன்றைக்குத் தூக்கிய பைதான் இது. கோயில் மாதர் குழுவில் அவளுக்கு இதனால் வந்த பேர் கொஞ்சநஞ்சமில்லை. பெண்பிள்ளைகளைத் திருத்த வேண்டுமென்றால், "கோமளவல்லியைப் பாரு, சொந்தத் தம்பி வீட்டுல தண்ணி தொடமாட்டா" என்பார்கள். சமீபத்தில் குழுவுக்கு அவளையே தலைவியாகவும் ஆக்கிவிட்டார்கள். அவளும் அந்தப் பேரை இஸ்திரி போட்டு மடித்து வைத்த பட்டுச்சேலை மாதிரி வைத்துக் காப்பாற்றினாள்.

அப்படிப்பட்டவளைத்தான் பிந்து ஒரு படத்தால் படுத்தி எடுத்துவிட்டாள்.

பிந்துவுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர் வேலை. ஒரு வருஷமாக லீவு கிடைக்கும்போதெல்லாம் வீட்டைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். ஊர் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், மே மாதம் அந்தப் படங்களைக் காட்சிக்கு வைப்பதாக ஏற்பாடு. 'இரண்டு அடுப்பு' என்று பேரும் போட்டாயிற்று. விளக்கேற்ற யாரைக் கூப்பிடலாம் என்று வாயனசாலைச் செயலாளர் மோகனன் கேட்டபோது, "எங்க அத்தையைக் கூப்பிடுங்க, அவங்கதான் குடும்பத்துல மூத்தவங்க" என்று பிந்து சொல்லிவிட்டாள். கோமளவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு முன்னால் படங்களை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ரப்பர் ஷீட் உலர்த்துகிற அறையைத்தான் பிந்து வேலை அறையாக்கியிருந்தாள். ஷீட் நாற்றமும் பெயின்ட் நாற்றமும் சேர்ந்து தலையைக் கிறுகிறுக்க வைத்தது. படங்களோ ஒன்றுக்கொன்று அருமை. கிருஷ்ணம்மா பின்படியில் உட்கார்ந்து மீன் கழுவுகிறாள், எதிரே பூனை கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கிறவன் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறது. ஞானசம்பந்தம் கண்ணாடி பார்த்துத் திருநீறு பூசுகிறான், அதே கண்ணாடியின் மூலையில் கிருஷ்ணம்மா தலை வாருகிறாள், ஒரு பக்கம் தமிழ்க் காலண்டர், மறுபக்கம் மலையாளக் காலண்டர். கொடியில் ரப்பர் ஷீட்டும் வேட்டியும் பக்கத்தில் பக்கத்தில் காய்கின்றன. அடுத்த படத்தில் ஆட்டோ வந்து நிற்கிறது. ஒரு பை இறங்குகிறது. பைக்குப் பின்னால் கோமளவல்லி.

"மூக்கு கொஞ்சம் கூடிப்போச்சு பிள்ளே," என்றாள் கோமளவல்லி. "ஆனா பை நல்லா வந்திருக்கு."

"உள்ளதைத்தான் அத்தே வரைஞ்சேன்."

"மூக்கைச் சொல்லுகியா, பையைச் சொல்லுகியா?"

பிந்து சிரித்துக்கொண்டே, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்த பெரிய படத்தைத் தூக்கி நிறுத்தினாள். கோமளவல்லி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

படத்தில் வீட்டின் உள்சமையலறை. ஜன்னலுக்கு வெளியே மழை அடித்துக் கொட்டுகிறது. சைவ அடுப்பின் மேல் கறுத்த மண்சட்டி, மீன்சட்டி. அடுப்புக்கு முன்னால் பலகை போட்டு ஓர் ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. தலையில் துவர்த்துத் துண்டு சுற்றியிருக்கிறது, உடம்பில் வெள்ளை வேட்டி போர்த்தியிருக்கிறது. முன்னால் இலையில் வேகவைத்த மரச்சீனிக் கிழங்கு, அதன் மேல் மஞ்சளாய்க் கறி. கை மட்டும்தான் தெரிகிறது. கை வாய்க்குப் போகிற அவசரத்தைப் பார்த்தால் ஆள் பசியோடு வந்த ஆள் என்பது தெரியும்.

"இது யாரு?" என்றாள்.

"அதுதான் சரியாத் தெரியல்ல அத்தே. எனக்கு அஞ்சு வயசிருக்கும். மத்தியானம் உறங்கி முழிச்சுப் பாத்தேன். நல்ல மழை. சைவ அடுப்புல மீன்சட்டி. ஒராளு இருந்து தின்னுது. நான் திரும்பவும் உறங்கிப்போனேன். அம்மாகிட்ட கேட்டா, எனக்கு ஓர்மை இல்லேன்னு சொல்லுகா." பிந்து குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவாத்தான் இருக்கணும். இந்த வீட்டுல வெள்ள வேட்டி வேற யாரு உடுப்பா?"

தலை தப்பியது என்று கோமளவல்லி மூச்சு விட்டாள். பழி தம்பி மேல் விழுகிறதே என்று அந்த மூச்சு பாதியிலேயே நின்றும் போயிற்று.

ஏனென்றால் அந்த வேட்டிக்குள் இருந்தது அவள்தான்.

இடவப்பாதி மழை, அதாவது பருவமழை, தொடங்கின நாள் அது. முந்தின நாள் வந்தவள் தம்பி வீட்டில் மாட்டிக்கொண்டாள். ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. தம்பி காலையிலேயே திருவனந்தபுரம் ஆபீசுக்குப் போய்விட்டான். பையிலிருந்த தயிர்ச்சாதம் வந்த அன்றே தீர்ந்தாயிற்று, பிளாஸ்க் காலி. கொல்லையில் தென்னமட்டை விழுந்து சாய்ப்பு சரிந்துபோனது. சட்டியைத் தூக்கிவர உதவிக்குப் போனவள் தொப்பலாய் நனைந்து, மாற்றுச்சேலை இல்லாமல், கிருஷ்ணம்மாவின் சேலையில் மீன் வாசனை இருக்குமென்று தம்பியின் வேட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். வீட்டில் இருந்தது மரச்சீனியும், மழைக்கு முன்னால் காலையில் வாங்கின அயலை மீனும், காற்றில் விழுந்த மாங்காயும். வேறு வழியில்லாமல் கிருஷ்ணம்மா சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளடுப்பில் மீன்சட்டியை ஏற்றினாள். கோமளவல்லிக்கு மரச்சீனியும் பச்சைமிளகாய்ச் சம்மந்தித் துவையலும் தனியே இலையில் வைத்தாள். பாவம், அவள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை.

குற்றமெல்லாம் அந்த வாசனை மேல்தான். மாங்காயும் தேங்காயும் கொதித்து மேலே வந்தபோது, "சாறு மட்டும் ஒரு கரண்டி ஊத்து" என்று கோமளவல்லி சொன்னாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சாறு போய்ச் சேர்ந்ததும் துண்டு கேட்டாள். துண்டு போனதும் சட்டியையே பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்து கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, "யார்கிட்டயும் மூச்சு விடப்பிடாது, நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் மேல சத்தியம் பண்ணு" என்றாள். கிருஷ்ணம்மா சத்தியம் பண்ணினாள். தூங்குகிற குழந்தையிடம் சத்தியம் வாங்க யாருக்குத் தோன்றும்?

இதையெல்லாம் கோமளவல்லி நினைத்து முடிப்பதற்குள் ஞானசம்பந்தம் அறைக்குள் வந்துவிட்டான். படத்தைப் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"இது யாரு மக்கா?"

"நீங்கதான் அப்பா. இனியாவது சம்மதிச்சுடுங்க," என்று பிந்து சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "நான் இல்ல மக்கா. உனக்க அம்மையைக் கெட்டினப்போ நம்ம ஆளுவ எல்லாரும் சொன்னாவ, ஒரு வருஷத்துல இவன் மீன் தின்னுவான்னு. நான் தின்னல்ல. உனக்க அம்மையும் ஒரு நாளும் தின்னச் சொல்லல்ல. எனக்குன்னு ஒரு பேரு உண்டுன்னா அது ஒண்ணுதானாக்கும்." பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, நீ சொல்லு. உனக்குத் தெரியும்லா?"

கோமளவல்லிக்குத் தெரியாதா என்ன? அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த உலகத்தில் யார்? நியாயமாக அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். அவளோ, "பிள்ளை வரைஞ்ச படம்தானே, அதுல என்ன இருக்கு" என்று பூனைப் படத்தைப் பார்க்கப் போய்விட்டாள். தம்பி வெளியே போனான். போகிற அவனுடைய முதுகைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

பின்பக்கம் சாய்ப்பில் கிருஷ்ணம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நீ பிள்ளைகிட்ட சொன்னியா?"

"ஞான் ஒண்ணும் பறஞ்சில்ல சேச்சி," என்றாள் கிருஷ்ணம்மா. "பறஞ்சிருந்தா படத்துல சேச்சிக்க மூக்கு வந்திருக்கும்."

"விளையாடாதே."

"சேச்சி, அவரு ரெண்டு நாளா மொகம் வாடி நடக்காரு. அன்னைக்கு மீன் தின்னது நீங்களான்னு பிந்து கேட்டதுலேர்ந்து இப்படித்தான். சத்தியத்தைத் திருப்பி எடு. ஞான் சொல்லுகேன்."

"சாமி மேல பண்ணின சத்தியத்தை எப்படித் திருப்பி எடுக்க?"

"அப்ப சேச்சி சொல்லு. சேச்சி சத்தியம் பண்ணல்லியே."

கோமளவல்லி தேங்காய் முற்றல் போதாது என்று குறை சொல்லிவிட்டு வந்தாள். நாளைக்கு மாதர் குழுவில் எந்த முகத்தோடு போய் உட்காருவது? எத்தனை பெண்களைத் திருத்தியிருக்கிறாள். அவர்களெல்லாம் வரிசையாக வந்து கேட்க மாட்டார்களா? யாரும் கெடாமல் காரியத்தை முடிக்கலாம் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. படம் ஒழிந்தால் போதும், தம்பியும் தப்புவான், தானும் தப்பலாம்.

முதலில் பிந்துவிடம் போனாள். "மக்கா, அந்தச் சட்டியை மட்டும் ஒரு பித்தளை உருளியா மாத்திடு. சாம்பார்னு இருக்கட்டும்."

"சட்டி போனா படமே போச்சு அத்தே. அதாக்கும் அதுக்க உயிரு."

"அந்த ஆளை எடுத்துட்டுப் பூனையை வை. பூனை நல்லா வரைகே."

"பூனை பலகை போட்டு இருந்து இலையில தின்னுமா அத்தே?"

சரி, இவளிடம் பேசிப் பலனில்லை. வீட்டுக்குப் போனதும் வாயனசாலைச் செயலாளர் மோகனனுக்குப் போன் போட்டாள். படங்கள் நிறைய இருக்கின்றன, சுவர் சின்னது, அந்த மழைப் படத்தை மட்டும் விட்டுவிட்டால் மற்றதெல்லாம் எடுப்பாக இருக்கும் என்று நயமாகச் சொன்னாள். மோகனன் எல்லாவற்றுக்கும் "செரி அம்மே, செரி அம்மே" என்றான். இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான்.

"அம்மே, நீங்க சொன்னபிறகு ஞான் போய்ப் பாத்தேன். அம்மைக்கு நல்ல கண்ணு. அந்தப் படம்தான் மெயின். மத்ததுக்கூட சேத்தா எடுபடாது. தனியா நடுவுல வைக்கப் போறோம், விளக்குக்கு நேர் பின்னால. நோட்டீசுலயும் அதுதான்."

சும்மா இருந்த படத்தைத் தன் வாயாலேயே மண்டபத்துக்கு நடுவில் ஏற்றிவிட்டாள். மறுநாள் பொன்னப்பன் நோட்டீசைக் கொண்டுவந்து நீட்டியபோது அவள் அதை வாங்காமலேயே கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாயனசாலை நிறைந்து வழிந்தது. மாதர் குழு முழுசாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டது. வெள்ளறடையிலிருந்து கிருஷ்ணம்மாவின் ஆட்கள் ஒரு ஜீப் நிறைய வந்திருந்தார்கள். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம், நடுவில் யார் எதில் பேசுகிறார்கள் என்று யாருக்கும் கவலையில்லை. கோமளவல்லி விளக்கேற்றப் போனாள். திரிக்கு நேர் எதிரே அந்த இலை, அந்த மரச்சீனி, அந்தக் கை. தன் கையை இவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததில்லை. தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது. வயசாயிற்று, பாவம் என்று முன்வரிசையில் யாரோ இரக்கப்பட்டார்கள்.

மோகனன் மைக்கைப் பிடித்தான். எல்லாரையும் வரவேற்றுவிட்டு, "இந்தப் படத்துல உள்ள ஆளு யாருன்னு கண்டுபிடிக்கவங்களுக்கு வாயனசாலை ஒரு புஸ்தகம் பரிசு தரும்" என்றான். வேட்டியைப் பார்த்ததுமே கூட்டம் கண்டுபிடித்துவிட்டது. "சம்பந்தம் சாரே, நம்மளை எல்லாம் இத்தனை காலம் ஏமாத்திப் போட்டீரே" என்று ஒருவர். "சாறு மட்டுமா, மீன் கஷ்ணமும் உண்டா?" என்று இன்னொருவர். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. மீன் தின்பது அந்த ஊரில் ஒரு குற்றமும் இல்லை. இத்தனை வருஷம் தின்னாதவன் என்று மதித்த ஆளைத் தங்களில் ஒருத்தனாக்கிக்கொண்ட சந்தோஷம் அவர்களுக்கு. அவனுக்குத்தான் அது சந்தோஷமில்லை. ஒரு மாதிரி சிரித்து வைத்துவிட்டு, செருப்பு விடுகிற வராந்தா பக்கம் நகர்ந்துபோய் நின்றுகொண்டான்.

கோமளவல்லி அதைப் பார்த்தாள். எழுந்திரு, எழுந்து சொல்லு என்று மனசு பிடித்துத் தள்ளியது. பாதி எழுந்தும்விட்டாள். அதற்குள் மாதர் குழுவின் செயலாளர் ஸ்மிதா அவள் கையைப் பிடித்து, "பாருங்க அக்கா, தம்பி இப்படி. நல்லவேளை, இந்தக் குடும்பத்துல நீங்க ஒரு ஆளாவது உண்டே" என்றாள். கோமளவல்லி மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா?

அப்போதுதான் ஆனந்தபாய் படத்துக்குப் பக்கத்தில் போனாள். ஆனந்தபாய் வெள்ளறடையில் கிருஷ்ணம்மாவின் பிறந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி. கல்யாண வீடுகளில் மீன்கறிச் சட்டிக்குப் பக்கத்தில் அவள் நின்றால்தான் ஆட்களுக்கு நிம்மதி. மூக்கு படத்தில் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"படம் கொள்ளாம், நல்லாருக்கு," என்றாள் சத்தமாக. "ஆனா கறி செரியில்ல. மீன்கறிக்கு இந்த மஞ்ச நிறம் எப்படி வரும்? குடம்புளி போட்டா கறி சேப்பாட்டுல்லா இருக்கும்?"

அவ்வளவுதான், வேட்டிக்காரனை எல்லாரும் மறந்துபோனார்கள். கூட்டம் கறியைப் பிடித்துக்கொண்டது. புளி போடாமல் மீன் வைத்தால் நாறாதா என்று ஒரு கட்சி. மிளகாய்ப்பொடி தீர்ந்திருக்கும் என்று ஒரு கட்சி. "அஞ்சு வயசுப் பிள்ளைக்க ஞாபகம்தானே, சாம்பாரைப் பாத்து மீன்கறின்னு வரைஞ்சிருக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு தீர்ப்பு. பிந்து, "எனக்கு மஞ்சளாத்தான் ஓர்மை இருக்கு" என்று சொல்லிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. ஒரு வருஷம் வரைந்த படம், முதல் நாளே பொய் என்று ஆகிறது. அந்த நேரம் பார்த்து ஒருவன், "மீன் கெட்டுப்போயிருக்கும், அதாக்கும் நிறம் மாறினது. பசியில சார் கவனிச்சிருக்க மாட்டாரு" என்றான். மண்டபமே சிரித்தது.

கோமளவல்லி கிருஷ்ணம்மாவைப் பார்த்தாள். கிருஷ்ணம்மா தூணை ஒட்டி நின்று முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கறியின் மானம் திரும்பிவிடும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் யாருக்காக வைத்தாய் என்று அடுத்த கேள்வி வரும். சத்தியம் செய்தவள் அப்படியே நின்றாள். கண் இரண்டும் நிறைந்திருந்தது.

"புளி போடல்ல," என்று ஒரு குரல் கேட்டது.

யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோமளவல்லியும் திரும்பிப் பார்த்தாள், பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது. தம்பியின் மானத்துக்கு அசையாத வாய் மாங்காய்க்கு அசைந்துவிட்டது. அசைந்தது இனி நிற்காது.

"பச்சை மாங்கா போட்டதாக்கும்," என்றாள். எழுந்தே நின்றுவிட்டாள். "காத்துல விழுந்த மாங்கா. தேங்காயும் மஞ்சளும் பச்சைமிளகாயும் அம்மியில வெண்ணெய் போல அரைச்சது. மொளகாப்பொடி ஒரு துள்ளி கிடையாது. கடைசீல வெளிச்செண்ணெயில சின்ன உள்ளியும் கறிவேப்பிலையும் தாளிச்சு ஊத்தினது. மீனு அயலை, அன்னு காலம்பற வந்தது. கெட்டுப்போச்சாம். ஆரு சொன்னது கெட்டுப்போச்சுன்னு?"

ஆனந்தபாய் மறுபடியும் குனிந்து கறியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

வராந்தா வாசலில் ஞானசம்பந்தம் வந்து நின்றிருந்தான். "அக்கா," என்றான் மெதுவாக. "உனக்கு எப்படித் தெரியும்?"

கோமளவல்லி படத்தைப் பார்த்தாள். இனி பூனையைப் பார்க்கப் போக முடியாது.

"வேட்டி உனக்கது," என்றாள். "உள்ள இருக்கது நான். எனக்க சேலை நனைஞ்சுபோச்சு. இந்த ஊர்ல உள்ள எல்லாரும் கேட்டுக்கிடுங்க, எனக்க தம்பி ஜென்மத்துல மீன் தொட்டவன் இல்ல."

ஸ்மிதா நல்ல மனசுக்காரி. தலைவியைக் கைவிட அவளுக்கு மனம் வரவில்லை. "சாறு மட்டும்தானே அக்கா?" என்று வழி ஒன்று திறந்துவிட்டாள். "ஆபத்துக்குப் பாவமில்ல. சாறு மட்டும்தானே?"

தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது. ஆமாம் என்று ஒரு தலையாட்டல், பாதி மானம் மிச்சம். கோமளவல்லி ஒரு நிமிஷம் யோசித்துக்கூடப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "மீனும் தின்னேன். தலையும் தின்னேன்."

முதலில் சிரித்தது ஆனந்தபாய்தான். பிறகு யார் யார் சிரித்தார்கள் என்று சொல்லி முடியாது. கோமளவல்லி கூட்டத்தைப் பிளந்துகொண்டு தூணுக்குப் பக்கத்தில் போனாள்.

"நல்லா இருந்துது கிருஷ்ணம்மே," என்றாள். "அன்னைக்கே சொல்லியிருக்கணும். அதுபோல ஒரு கறி நான் பிறகு தின்னதில்ல."

"சேச்சி பிறகு மீனே தின்னதில்லல்லோ," என்றாள் கிருஷ்ணம்மா. சொல்லிவிட்டு அழுதாள். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் சாம்பாருக்கும் அவியலுக்கும் வாங்காத பாராட்டில்லை. அவை அவள் கற்றுக்கொண்ட சமையல். அவள் அம்மா சொல்லித் தந்த கறியை, கட்டினவன் வீட்டு ஆள் ஒருத்தர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை. கோமளவல்லிக்கு அது அப்போதுதான் உறைத்தது. ஒரு வார்த்தையை இத்தனை காலம் பையில் போட்டுப் பூட்டி வைத்திருந்திருக்கிறோமே என்று அவளுக்கும் அழுகை வந்தது.

பரிசுப் புத்தகத்தை யாருக்குக் கொடுப்பது என்று மோகனன் கேட்டான். ஆளைக் கண்டுபிடித்தது கோமளவல்லிதானே என்று கூட்டம் முடிவு செய்தது. மண்டபத்துக்கு வெளியே மாதர் குழுவில் சிலர் அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். சிலர் நின்று, மாங்காய் போட்டால் தேங்காய் எவ்வளவு வைக்க வேண்டும் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு பொன்னப்பன் ஆட்டோவை நிறுத்திவிட்டு வழக்கம்போலக் கையை நீட்டினான். கோமளவல்லி வெறுங்கையோடு வந்து ஏறினாள்.

"பை எங்க அம்மே?"

"வண்டியை எடுலே," என்றாள்.

சாய்ப்பில் கிருஷ்ணம்மா சட்டியை இறக்கி வைத்திருந்தாள். மாங்காய் வாசனை வாசல்வரைக்கும் வந்து கூப்பிட்டது. ஒரு பலகையில் பிந்துவும் இன்னொரு பலகையில் கோமளவல்லியும் உட்கார்ந்தார்கள். முதல் வாய் எடுத்து வைத்ததும் கோமளவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். உப்பு ஒரு பொடி குறைவு என்றாள். கிருஷ்ணம்மா ருசி பார்த்து, ஆமாம், குறைவுதான் என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள்.

உள்ளே ஞானசம்பந்தம் சைவ அடுப்புக்கு முன்னால் தனியே உட்கார்ந்து சாம்பார்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் இங்கே கேட்கிற சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தவன், தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பின்வாசலில் நின்றான்.

"எனக்கு இது வேண்டாம்," என்றான், சட்டியைக் காட்டி. "சாம்பார் உண்டு. இங்க இருந்து தின்னா என்ன?"

நாற்பது வருஷம் ஆகப்போகிறது, அவன் சாய்ப்புக்குள் கால் வைத்ததில்லை. மூன்றாவது பலகை அங்கே கிடையாது. அவன் வருவான் என்று யாரும் நினைத்ததில்லையே. கிருஷ்ணம்மா அங்குமிங்கும் தேடினாள், கடைசியில் பலகை வைத்த தேங்காய்த் துருவியை முந்தானையால் துடைத்து நகர்த்திப் போட்டாள். ஞானசம்பந்தம் துருவும் இரும்பு நாக்கின் முனையைப் பார்த்து ஜாக்கிரதையாக அதன் மேல் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான்.